எட்டாவது மழைக்கோட்டு

என் அண்ணி உபர்லிந்தா இருபத்திரண்டு வருடம் ஒரு கேட்டைக் காவல் காத்தாள். எரிமலைக்கும் மேல் ஏரிக்கும் போகிற பாதை அவளுடைய புல்வெளிக்குள் புகுந்துதான் போகிறது. முதுகில் மூட்டையோடு மலையேற வருகிறவர்கள் அவளுடைய நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு உள்ளே போவார்கள். திரும்பி வரும்போது வெளியேறிய நேரத்தை எழுத வேண்டும். அரசாங்கம் சொல்லி வைத்த நோட்டு இல்லை அது. ஒருமுறை மாட்டைத் தேடிப்போன என் அண்ணன் மழையில் வழி தவறி இரண்டு நாள் வரவில்லை. அதிலிருந்து அவளாகத் தொடங்கியது.

வாய் கொஞ்சம் நீளம். "தம்பி, இந்தச் செருப்பப் போட்டுக்கிட்டா மேல போறே? எரிமலையே சிரிக்கும்பா" என்பாள். வெளிநாட்டுக்காரர்களையும் எங்கள் பேச்சிலேயே திட்டுவாள். அவர்களுக்கும் புரிந்துவிடும். போகும் வழியில் சுக்காவோ குருவி வலப்பக்கம் கூவினால் நட, இடப்பக்கம் கூவினால் பேசாமல் திரும்பி வா என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்புவாள். ஏரிக்கரையில் அந்தக் குருவி இரண்டு பக்கமும்தான் கூவும். அதை அவளிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

சாம்பலில் சுட்ட ரொட்டியும் பாலாடைக்கட்டியும் விற்பாள். அதோடு தெமுகோ சந்தையிலிருந்து வாங்கி வரும் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள். எங்கள் தென் சிலி நாட்டில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதனால் அவள் கேட்டைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேர் மஞ்சளாகத்தான் போவார்கள். கேட்டுக்குக் கீழே, சாலை முடிகிற இடத்திலிருந்து டவுனுக்கு வேன் ஓட்டுகிறவன் நான். என்னிடமும் ஒரு மஞ்சள் கோட்டு இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி. காலையில் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். ஏழு பேர் கல்லூரிப் பிள்ளைகள். எட்டாமவர் தால்கா நகரத்திலிருந்து தனியாக வந்த அன்செல்மோ ரூஸ். எட்டுப் பேரும் அண்ணியிடம் கோட்டு வாங்கினார்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. டவுனில் கடைசி பஸ் தவறிவிடும் என்று நான் நோட்டில் எழுதாமலே கேட்டைத் தாண்டி மேலே போய்ப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டு வந்தேன். கால் பிசகிய ஒரு பெண்ணின் மூட்டையை என் முதுகில் போட்டுக்கொண்டேன். தலையில் முக்காடு, குனிந்த நடை, எல்லாரும் ஒரே ஓட்டம். ஒருவரும் நோட்டுப் பக்கம் போகவில்லை.

மழை நாளில் அப்படித்தான் நடக்கும். அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை எண்ணி, அவளே நேரத்தை எழுதிவிடுவாள். அன்றைக்கு எட்டு மஞ்சள் எண்ணினாள். எட்டுப் பெயருக்கும் நேராக ஐந்து நாற்பது என்று எழுதி, நோட்டை மூடிவிட்டு மாடு கறக்கப் போனாள்.

எட்டாவது மஞ்சள் நான்.

ஒரு வாரம் கழித்து அன்செல்மோவைக் காணோம் என்று போலீஸ் வந்தது. நோட்டைப் பார்த்தார்கள். வெளியே வந்துவிட்டான் என்று இருந்தது. அதனால் மலையை விட்டுவிட்டு டவுனில் சாராயக்கடை, பஸ் நிலையம், ஏரிப் படகுத்துறை என்று தேடினார்கள். என்னையும் கேட்டார்கள். "வேன்ல எத்தனை பேருன்னு யாரு எண்ணுறா சார்?" என்றேன். பயம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் குளிர்காலம் முடிந்து, அக்டோபரில் பனி கரைந்த பிறகு ஒரு மாட்டுக்காரர் அவனைக் கண்டெடுத்தார். இரண்டாவது ஓடைக்கு மேல், ஒரு பாறையின் அடியில், கால் எலும்பு முறிந்து கிடந்தான். நான்கைந்து நாள் உயிரோடு இருந்திருப்பான் என்றார் டாக்டர்.

அவனைக் கண்டெடுப்பதற்கு முன்பே, அந்தக் குளிர்காலத்திலிருந்தே அண்ணிக்கு அவன் தெரியத் தொடங்கியிருந்தான். மழை பெய்யும் பிற்பகல்களில் கேட்டுக்கு உள்பக்கம் மஞ்சள் கோட்டோடு வந்து நிற்பானாம். கதவில் கை வைக்க மாட்டானாம். அண்ணி போட்டது போட்டபடி ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அவன் உசிரு அன்னைக்கே வெளிய வந்துருச்சு. எட்டாவதா நான் பாத்தது அதைத்தான். உடம்பு மட்டும் உள்ள மாட்டிக்கிச்சு. வெளிய போயாச்சுன்னு எழுதுனப்புறம் எப்படி வரும்?" என்பாள்.

"அண்ணி, உனக்கு வயசாச்சு" என்று கிண்டல் செய்வேன். செய்துவிட்டு வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒருநாள் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் அவளுடைய நாய் எழுந்து போய், ஆளில்லாத இடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. நானே பார்த்தேன். அந்த மாதமே என் மஞ்சள் கோட்டை அடுப்பில் போட்டேன்.

அன்செல்மோவின் அக்கா கிரிசெல்டா ஒவ்வொரு பிப்ரவரியும் வருவாள். தம்பிக்குப் பூ வைப்பாள், அண்ணி போடும் மாத்தே இலைத் தேநீரைக் குடிப்பாள், அதிகம் பேச மாட்டாள். இந்த வருடம்தான் வாய் திறந்தாள். மழைக்காக நானும் அண்ணியின் சமையலறையில் ஒதுங்கியிருந்தேன்.

"வேலை போனதுல தம்பி மனசு ஒடிஞ்சிருந்தான்க்கா. வெளிய வந்தவன் சாகணும்னே திரும்ப உள்ள போயிருக்கான். அம்மா அதைக் கேட்டுக் கேட்டே செத்தாங்க. 'வெளிய வந்த புள்ள ஏன் திரும்பப் போனான்'னு. நான் அவனுக்கு சர்ச்சுல ஒரு பூசைகூட வைக்கல. அவ்வளவு கோவம்."

அண்ணி இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். "அந்த நேரத்தை அவன் எழுதலம்மா. நான் எழுதுனது. எட்டு பேரை எண்ணி எழுதுனேன்."

கிரிசெல்டா அவளையே பார்த்தாள். "எண்ணுனீங்கல்ல? அப்போ அவன் வந்துட்டுத்தானே போயிருக்கான்?"

"அது அவன் உசிரும்மா" என்றாள் அண்ணி.

கிரிசெல்டாவுக்கு அது போதவில்லை. எப்படிப் போதும்? உசிராக இருந்தால் என்ன, ஆளாக இருந்தால் என்ன, வெளியே வந்தவன் வந்தவன்தானே. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"எட்டாவது ஆள் நான்தாம்மா. மூட்டை தூக்கப் போனேன். உங்க தம்பி வெளிய வரவே இல்ல."

கிரிசெல்டா என் பக்கம் திரும்பினாள்.

"வரவே இல்லையா?"

"இல்ல."

"அப்போ திரும்பிப் போகல."

"போகல. கால் ஒடிஞ்சு, வரப் பாத்துக்கிட்டுதான் கிடந்திருப்பார்."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கணக்குப் போடுகிறவளைப் போல நிதானமாகக் கேட்டாள். "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா எப்போ தேடப் போயிருப்பாங்க?"

அன்றைக்கு நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, போலீஸ் வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் எட்டு நாள் ஆகிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். உண்மைதான் அது. ஆனால் அதற்குப் பிறகும் நான்கு வருடம் இருக்கிறதே.

அண்ணிதான் பதில் சொன்னாள். "நான் எழுதாம இருந்திருந்தா மறுநா காலைல போயிருப்போம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நொல்பெர்தோ, மழையில நின்னு நின்னு யாருக்குடா கதவைத் திறந்தேன் இத்தனை நாளா?"

டவுனில் இறக்கிவிடுகிறேன் வாருங்கள் என்று கிரிசெல்டாவைக் கூப்பிட்டேன்.

"உங்க வண்டியில ஏற மாட்டேன்" என்றாள்.

டவுன் பதினோரு கிலோமீட்டர். அவள் மழையில் இறங்கி நடந்தாள். அண்ணி ஒரு சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, நோட்டையும் கேட்டையும் அப்படியே விட்டுவிட்டு, ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டாள். நான் வேனை எடுத்து, விளக்கைப் போட்டு, இருவருக்கும் பின்னால் முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டு போனேன். பாலத்தருகே கண்ணாடியை இறக்கி, "அண்ணி, நீயாவது ஏறு" என்றேன். அவள் காதில் விழுந்தது. இரண்டு பேரும் நடந்துகொண்டே இருந்தார்கள்.