பனி வண்டியின் மேல் கதவு

1985ஆம் ஆண்டு ஏப்ரல் 20, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். முந்தின இரவு மேற்கு மலையில் பெய்த கோடை மழையில் தரை நனைந்திருந்தது, காற்று அசையவே இல்லை. வீரபாண்டியில் முல்லையாற்றுக் கரைமேல் இருந்த டீக்கடையிலிருந்து அம்மா மண்கலயத்தை இடுப்பில் ஏந்தி வெளியே வந்தாள். கலயத்தின் வாயில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்து வெந்நீரின் ஆவியில் வதங்கி, கசப்பும் பச்சையுமாக ஒரு வாசனையைக் கிளப்பியது. குளிர்ந்த தண்ணீரில் வைத்த வேப்பிலைக்கு அந்த வாசனை வருவதில்லை.

கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு முன்பு கோயில் வாசலில் முக்கிளைக் கம்பம் ஒன்றை நட்டு, இருபத்தொரு நாள் அதற்கு ஆற்றுத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெயில் காலத்து அம்மனைக் குளிரவைக்கும் சடங்கு அது; ஆயிரம் பேர் வந்தாலும் ஆயிரம் பேரும் குளிர்ந்த தண்ணீர்தான் ஊற்றுவார்கள். என் அம்மா ஒருத்தி மட்டும் ஆற்றில் மொண்ட தண்ணீரை டீக்கடை அடுப்பில் வெதுவெதுப்பாக்கி எடுத்துப்போய் ஊற்றினாள். அன்று நான்காவது நாள்.

காரணம் என் அண்ணன் செல்வம். என்னைவிட ஏழு வயது மூத்தவன். அப்பா இறந்தபின் படிப்பை விட்டு, கூடலூரிலிருந்து மலையேறும் ஏலத்தோட்ட ஜீப்பில் "கிளி"யாகச் சேர்ந்தான். பின்னால் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றி இறக்குபவனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்தார் வைத்த பெயர் அது. மழைக்காலத்தில் சேற்றில் சக்கரம் வழுக்காமலிருக்க இரும்புச் சங்கிலி சுற்றி மாட்டுவது அவன் வேலை. அங்கேயே வண்டி பழுது பார்க்கக் கற்று, ராணுவத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்து, நம் நாட்டிலிருந்து அண்டார்டிகாவுக்குப் போன பயணக் குழு ஒன்றில் பனி வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் தேர்வானான். கப்பல் ஏறுவதற்கு முன், 1984 ஐப்பசியில், பத்து நாள் விடுப்பில் எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்கு வந்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரிசி ஆலையின் உமி மலைபோல் குவிந்து கிடக்கும். அண்ணன் என்னை அதில் ஏறச் சொன்னான், முழங்கால்வரை புதைந்தேன். பிறகு பழைய கதவுப் பலகை ஒன்றை உமியின்மேல் போட்டு, அதன்மேல் ஏறச் சொன்னான். இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை.

"இம்புட்டுத்தாம்லே பனி வண்டி," என்றான். "சக்கரமே தரையில படாது. ரெண்டு பக்கமும் அகலமா ரப்பர் பட்டை. பலகையத் தானே விரிச்சு, தானே அதுமேல ஏறி, தானே சுருட்டிக்கிட்டுப் போயிரும்."

"கூடலூர் ஜீப்புக்குச் சங்கிலி மாட்டுவியே, அது மாதிரியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"அது சேத்துக்கு ஆத்தா. சங்கிலி போட்ட ஜீப்பை அங்கன விட்டா, கெணத்துல விட்ட மாதிரித்தான்."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். "கிணறு" என்ற சொல்லை அம்மா பிடித்துக்கொண்டாள். அவன் அதை மறைக்க வேறு கதைகளைச் சொன்னான். வண்டிக்குப் பின்னால் சக்கரமில்லாத சறுக்குப் பலகைகளில் டீசல் பீப்பாய்களை அடுக்கி, வரிசையாகக் கட்டி இழுத்துப் போவார்களாம். கப்பல் நிற்கும் பனிக்கரையிலிருந்து தங்கும் நிலையம்வரை பாதை என்று எதுவும் கிடையாது; குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகக் காலிப் பீப்பாய்களை நட்டிருப்பார்கள், பனிப்புயல் அடித்தால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், அப்போது ஒவ்வொரு பீப்பாயாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். "எண்ணிக்கை தப்புச்சுன்னா வண்டிய அங்கனயே நிறுத்திரணும்லே சின்னவனே. குத்துமதிப்பா ஓட்டுறவனுக்கு அங்கன வேலை இல்லை," என்றான். நான் எதையும் எண்ணிப் பார்ப்பவன் என்பதால் எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள். அவன் ஒருவன்தான் அன்று அதை மரியாதையோடு சொன்னான்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டபோது, "தை மாசத்துல தேங்காண்ணெ கட்டிப் போகும்ல, அங்கன இன்ஜின் ஆயில் அப்படி ஆயிரும். தெனமும் மூணு மணி நேரம் சூடு காத்து ஊதுனாத்தான் வண்டிக்கு உசுரு வரும். அந்த வேலை எனக்குத்தான்," என்றான். மலையில் மார்கழிக் காலையில் ஜீப் கிளம்பாதபோது ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கடைசியாக அவன் கொண்டுவந்திருந்த புகைப்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஆரஞ்சு நிறப் பெட்டிபோல் ஒரு வண்டி, சுற்றிலும் வெள்ளை.

"கூரையில என்னடா கதவு?"

"காத்து வாங்க."

"அம்புட்டுக் குளுருலயா காத்து வாங்குவாக?"

அவன் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். மறுநாள் பேருந்து நிறுத்தத்துக்குப் பெட்டியைத் தூக்கிப்போகையில் என்னிடம் மட்டும் சொன்னான். கடல்மேல் உறைந்த பனியில் வண்டி போகும்போது கீழே விரிசல் விட்டால், பக்கக் கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், திறக்க முடியாது. மேல் கதவு வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் அந்த இடத்தில் எவ்வளவு குளிரானாலும் அதைத் திறந்தே வைத்து ஓட்டுவார்கள். "அம்மாட்டச் சொல்லிராத," என்றான். நான் சொல்லவில்லை. அம்மாவும் அதைப்பற்றி மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்காமலிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவனுடைய படைப்பிரிவு அலுவலகத்திலிருந்து ஒரு கார்டு வரும். ரேடியோவில் வந்த சேதியை யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார்கள். மார்ச் மாதக் கடைசியில் வந்த கார்டில், கோடைக்குழுவோடு கப்பல் திரும்பிவிட்டது, குளிர்காலத்துக்குத் தங்கும் சிலரில் தானும் ஒருவன், இருட்டுக் காலம் தொடங்குமுன் பனிக்கரையிலிருந்து டீசல் ஏற்றிவரக் கடைசிப் பயணம் கிளம்புகிறோம் என்று இருந்தது. அதற்கடுத்த கார்டு வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வராமலே சைக்கிளைத் திருப்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. கம்பம் நட்ட அன்று காலை, "நானும் ஊத்தப் போறேன்லே. ஆனா குளுந்த தண்ணி ஊத்த மாட்டேன்," என்றாள். அண்ணன் அனுப்பிய பணத்தைத் தொட மறுத்தாள். அவனுக்காக ஊற்றுவதற்கு அவன் காசேயா என்றாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, திராட்சைக் கமிஷன் கடையில் பெட்டி எண்ணும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் கூலியில்தான் தினமும் முதல் பேருந்தில் இருவரும் வீரபாண்டி போனோம்.

நான்காம் நாளான அந்தச் சனிக்கிழமை, வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் காலில் கலயம் தளும்பிச் சிந்தியது.

"ஏ ஆத்தாடி! சுடுது! என்னக்கா இது, வெந்நியா?"

நாலைந்து தலைகள் திரும்பின. ஒருத்தி உரக்கச் சிரித்தாள். "பிள்ளை பெத்தவளுக்கு வெந்நி வைக்கிற மாதிரில கொண்டாந்திருக்கா ஆத்தாளுக்கு!"

"ஊரே குளுரட்டும்னு ஊத்துது. இவ ஒருத்தி கொதிக்க வைக்கிறா. நாளைக்கு ஊருக்குள்ள அம்மை கண்டா யாரு பதில் சொல்றது?" என்றாள் இன்னொரு மூத்த பெண். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வரிசை கலைந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

"எம் மகன் பனிக்கட்டி மேல வண்டி ஓட்டுறான் தாயி. அங்கன சூடு இல்லைன்னா வண்டி நின்னு போகும். நின்னு போச்சுன்னா அவனும் இல்லை. ஊரு பூராம் குளுந்த தண்ணி ஊத்துறீக, வேணாம்னா சொன்னேன்? ஒரு கலயம், ஒரே ஒரு கலயம் வெதுவெதுன்னு போனா ஆத்தாளுக்குப் புரியாதா? அவளும் பெத்தவதான?"

கோயில் பூசாரி வந்தார். நரைத்த மார்பு முழுக்க மஞ்சள் தண்ணீர். எதுவும் கேட்காமல் கலயத்துக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"வெயில்ல வச்ச அண்டாத் தண்ணி இதவிடச் சுடும்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு அம்மாவிடம், "ஊத்து தாயி. ஆனா மத்தவுக மனசு நோகக் கூடாது. எல்லாரும் ஊத்துன பெறகு கடைசி ஆளா வந்து ஊத்து," என்றார்.

அன்றிலிருந்து அம்மா கடைசியாக நின்றாள். கூட்டம் வடியும்வரை காத்திருப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடும். மறுபடி டீக்கடைக்கு ஓடுவேன். கடைக்காரர், "வாப்பா, உங்க அண்ணன் வண்டிக்கு வெந்நி ரெடி," என்பார். நேரத்துக்கு வேலைக்குப் போக முடியாமல் கமிஷன் கடை முதலாளியிடம் நான் வாங்கிய ஏச்சு தனி. பதினேழாம் நாள், மே 3, வெள்ளிக்கிழமை, தந்தி வந்தது: வண்டிகள் நிலையம் சேர்ந்தன, எல்லோரும் நலம். அம்மா தந்தியைச் சாமி படத்தின் முன் வைத்தாள். மறுநாள் விடிவதற்கு முன் கலயத்தை எடுத்துக்கொண்டு என்னை எழுப்பினாள். தந்தி வந்துவிட்டதே என்றேன். அவள் செருப்பை மாட்டினாள். மீதி நான்கு நாளும் போனோம்.

அடுத்த ஆண்டு சித்திரையில் அண்ணன் வந்தான். இடது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. கையுறை கழற்றி ஸ்பேனர் பிடித்ததில் பனி தின்றுவிட்டது. சாப்பிடும்போது அந்தக் கடைசிப் பயணத்தைச் சொன்னான். புயலில் மூன்று நாள் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள், சூடு ஊதும் எந்திரமும் நின்றுவிட்டது, கித்தான் போர்வையால் இன்ஜினை மூடி, அடியில் ஸ்டவ்வைக் கொளுத்தி வைத்துச் சூடேற்றினான், ஏப்ரல் 11 அன்று வண்டி உறுமிக் கிளம்பியது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கம்பம் நட்டது பதினேழாம் தேதி. நாம ஊத்த ஆரம்பிக்கிறதுக்கு ஆறு நாள் முன்னாடியே வண்டி கெளம்பிருச்சும்மா," என்றேன்.

அம்மா அவன் தட்டில் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு தடவ சூடேத்துனா வருசம் பூராம் ஓடுமாலே? தெனந்தெனம் சூடேத்தணும்னு அவன்தான சொன்னான்?"

அண்ணன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. அம்மா அவனைப் பார்த்தே கேட்டாள்: "அந்த மேல் கதவு வழியா எத்தன தடவடா வெளிய வந்த?"

அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "ஒரே ஒரு தடவ ஆத்தா."

அம்மா எழுந்து மோர் எடுத்துவரப் போனாள். எந்தத் தேதியில் என்று கேட்க நான் வாயெடுத்தேன். கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் எண்ணிப் பார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

இப்போது ஏலத்தோட்டம்வரை தார்ச்சாலை போய்விட்டது. சங்கிலி மாட்டிய ஜீப்பைக் கூடலூரில் தேடினாலும் கிடைக்காது. அந்த டீக்கடை இருந்த இடத்தில் பேக்கரி இருக்கிறது, அங்கே தண்ணீரை மின்சாரத்தில் காய்ச்சுகிறார்கள். அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. அண்ணனும் போன ஐப்பசியில் போய்விட்டான். கடைசி மாதங்களில் கோடையிலும் கால் குளிர்கிறது என்று கம்பளி கேட்டான். இந்தச் சித்திரையில் நான் மட்டும் வீரபாண்டி போனேன், ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, வீட்டைப் பூட்டியதை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு. வரிசையில் பழக்கப்படி கடைசியாக நின்றேன். இனி யாருக்கும் சூடு தேவையில்லை என்பதால், ஊரோடு சேர்ந்து குளிர்ந்த தண்ணீரையே ஊற்றினேன். திரும்பி வரும் பேருந்தில் உட்கார்ந்து அந்தப் பழைய கணக்கை மறுபடி போட்டேன். டீக்கடைக்காரர் வெந்நீருக்குக் கடைசிவரை காசு வாங்கவில்லை. ஆக, இருபத்தொரு நாள், இரண்டு பேர், போகவர எண்பத்து நான்கு டிக்கெட், ஒன்றுக்கு இரண்டேகால் ரூபாய் வீதம் எனக்கு ஆன மொத்தச் செலவு நூற்று எண்பத்தொன்பது ரூபாய்.