“உடனே” என்றதோடு நின்ற ஆம்ப்ளிஃபயர்

பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கருக்கு நான்தான் பொறுப்பு. திருவிழாவுக்குச் சத்தம் போதாதென்று, இருந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடு இன்னும் இரண்டை அதே வயரில் மாட்டினேன். அதே ஆம்ப்ளிஃபயர் முன்னைவிடப் பலமாகக் கத்தியது. அந்தக் கூடுதல் பலம் எங்கிருந்து வருகிறது என்று அதிசயப்பட்டேனே தவிர, யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அடைமழை. மண்சரிவு அபாயம் என்று தகவல் வந்ததும் மைக்கை எடுத்தேன்.

“கீழ் லயத்து ஆளுங்க எல்லாரும் உடனே...”

அதோடு ஆம்ப்ளிஃபயர் கருகி நின்றுவிட்டது. நனைந்துகொண்டே கீழே இருந்த லயத்து வீட்டு வரிசைக்கு ஓடினேன். கைக்குழந்தையோடு வாசலில் நின்ற ஒரு அக்கா கேட்டார்: “உடனே எங்க போகணும் தம்பி?”

“ஸ்கூலுக்கு!” என்று வீடு வீடாகக் கத்தினேன். நல்லவேளை, அன்று மண் சரியவில்லை.

பதுளை ரிப்பேர் கடைக்காரர் சொன்னார்: “எட்டு ஓம் பெட்டி நாலைப் பக்கம் பக்கமா மாட்டுனா மொத்தம் ரெண்டு ஓம்தாங்க. ஓம்ங்கிறது கரண்டுக்குத் தடை; அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் கரண்டைக் கூட்டிக் குடுக்கும். இது நாலு ஓமுக்குக் கீழ தாங்காது.”

இப்போது இரண்டிரண்டு பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பக்கம் பக்கமாக மாட்டி, மொத்தம் எட்டு ஓமாக்கியிருக்கிறேன். சத்தம் குறைவுதான். ஆனால் எங்கே போக வேண்டும் என்பதுவரை கேட்கும்.