துருத்தி திரும்பும் இடம்

அக்கார்டியனுக்கென்று நம் பக்கத்தில் யாரும் தனியாக எழுதுவதில்லை. மெல்லிசைக் குழுவில் பின்வரிசையில் நிறுத்தி, இட்டு நிரப்பத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது அலுத்துப்போய், சென்னையில் ஓர் இசையமைப்பாளரிடம், மேடையில் தனியாக வாசிக்க ஒன்று எழுதித் தரும்படி கேட்டேன். அருமையாகத்தான் எழுதினார். ஆனால் மனுஷன் கீபோர்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நடுவில் ஒரே சுரம், முழுச் சத்தத்தில், நீண்டுகொண்டே போகிறது. கீபோர்டில் விரலை வைத்திருந்தால் போதும். என் பெட்டியில் காற்றுக்காகத் துருத்தியை இழுக்க வேண்டும். கை எட்டும் தூரத்துக்கு மேல் அது வராது, திருப்பி அமுக்கியாக வேண்டும். திருப்பும்போது சத்தம் கொஞ்சம் அறுபடும்.

சொன்னேன். "ரெண்டு தடவை வாசிச்சு அனுப்புங்க மேடம், திருப்பற சத்தத்தை வெட்டிட்டு கம்ப்யூட்டர்ல ஒட்டிடலாம்" என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

செஞ்சி வீட்டிலேயே பதிவு செய்தேன். திருவண்ணாமலை பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான் என்பதால் ஜன்னலுக்குக் கம்பளி. ஃபேனும் போடக்கூடாது. வெந்துபோனேன். ஒட்டி வந்ததைக் கேட்டால், அடேயப்பா, ஒட்டே தெரியவில்லை. என் நைனா அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு சிங்கவரம் டீக்கடையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். நிலத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்க வந்தவர்களைக்கூட விடவில்லை.

பதிவைக் கேட்டவர்கள் செஞ்சியிலேயே ஒரு மண்டபத்தில் மேடை கொடுத்தார்கள். சொந்த ஊரில் என் முதல் தனிக் கச்சேரி. அப்போதுதான் உறைத்தது. ஒட்டினதை மேடையில் எப்படி வாசிப்பது? "அந்த இடத்தை மட்டும் ஸ்பீக்கர்ல போட்டுக்கலாமே" என்றார் இசையமைப்பாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நான் எதுக்கு சார்? வீட்ல படுத்துத் தூங்கறேன்" என்று போனை வைத்தேன்.

மேடையில் அந்த இடம் வந்தது. இழுத்தேன், இழுத்தேன், கை முடிந்தது, திருப்பினேன். சுரம் அறுந்தது. துருத்தி மூச்சு வாங்கியது மைக்கில் நன்றாகவே கேட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மானம் போச்சு என்று நினைத்துக்கொண்டே மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

வெளியே நைனா கண் கலங்கி நின்றிருந்தார்.

"அந்தப் பாட்ட நீயேதான் வாசிக்கிறியாம்மா?"

"இன்னா நைனா, பின்ன யாரு வாசிப்பா? போன்லதான் கேட்டியே!"

"அது கம்ப்யூட்டர் வாசிக்குதுன்னு நெனச்சிட்டேன். மனுசங்களால அப்டி இழுத்துப் புடிக்க முடியுமா? இன்னிக்கி நீ அந்த எடத்துல தெணறனப்பதான் நம்புனேன்."

"அப்றம் எதுக்கு ஊரெல்லாம் போட்டுக் காட்டுன?"

"எம் பொண்ணு குடுத்துச்சின்னுதான் சொன்னேன். வாசிச்சிச்சின்னு எப்டிம்மா சொல்றது? பொய்யாப் பூடும்ல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒட்டின பதிவைத் தூக்கிப்போட்டுவிட்டு, துருத்தி திரும்புகிற சத்தத்தோடு புதிதாகப் பதிவு செய்து அவர் போனில் ஏற்றினேன்.