பக்கத்து சீட்டு மூட்டை

"வீட்டம்மா என்ன வெயிட்டு இருப்பாங்க?"

ஜீப்பின் மூக்கு தாழ்ந்துவிட்டது, செலவில்லாமல் தூக்கித் தர முடியுமா என்று போகிறவர்களிடம் அந்த மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான் என்று ஒரு பேச்சு அடிபட்டது. ஒரு கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போனதாகவும், போன இடத்தில் மாமியாரின் எடையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னார்கள். வதந்தி என்றால் பாதியைக் கழித்துவிடுவது என் வழக்கம். இதில் எந்தப் பாதியைக் கழிப்பது என்று புரியாமல் நேரிலேயே போனேன்.

டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அவர் ஒரு ஜீப்பின் முன் பம்பரில் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஒல்லி, காதில் சாக்பீஸ். கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு எண்ணிப் பத்து குதி. இறங்கி, வண்டியை முன்னும் பின்னும் ஒரு முழம் உருட்டினார். வண்டியைத் தாங்கும் வில் பட்டைகள் தம் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அளவெடுப்பாராம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடித்தார். தரையிலிருந்து அளக்க மாட்டார். "டயருல காத்து இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. அத நம்பி அளக்கலாமா?"

ஷெட்டின் மூலையில் மணல் மூட்டைகள். பத்து, இருபது, நாற்பத்தைந்து, அறுபது என்று ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் எடை எழுதியிருந்தது. இவற்றால்தான் அவருக்கு மூட்டைக்காரர் என்று பெயர். வண்டியில் வழக்கமாக யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டு, வராதவர்களுக்குப் பதில் மூட்டைகளை உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டிவிடுவார். "காலி வண்டிய மட்டமா நிறுத்துறதுக்கு நான் எதுக்கு சார்? ஆள் ஏறினாத்தான வண்டி."

ஆக, வதந்தி உண்மை. மனைவியை மட்டுமல்ல, குழந்தை, நாய், டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் கேட்கிறார். என்னையும் கேட்டார். சொன்னேன். ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆறு கிலோ குறைச்சு சொல்றீங்க. பரவால்ல, நான் கூட்டிக்கிறேன்" என்றார். சுவரில் வாடிக்கையாளர் எடைகள் சாக்பீஸில் வரிசையாக இருந்தன. அதில் ஓர் எண் மட்டும் அழித்து அழித்து எழுதப்பட்டிருந்தது. அவருடைய மனைவியின் எடை. அவர் எழுதுவாராம், அந்த அம்மாள் வந்து பத்து கிலோவைக் குறைத்துவிட்டுப் போவாராம்.

மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுகிற வண்டிகளுக்கு நாளாக நாளாக முன்பக்கம் குனிந்துவிடும். எஞ்சின் பாரம் போதாதென்று நம்மவர்கள் இரும்பு பம்பர் வேறு மாட்டுவார்கள். அதைத் தூக்கி நிறுத்தக் கடையில் புது செட் இருக்கிறது. அந்தக் காசுக்கு ஓடுகிற பைக் ஒன்று வாங்கிவிடலாம். மூட்டைக்காரர் பழைய இரும்புக் கடைக்குப் போய், செத்த வண்டிகளின் வில் பட்டைகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். ஓசை பிடித்தால் எடுத்து வந்து, அளவாக வெட்டி, துளை போட்டு, இருக்கிற பட்டைகளுக்கு அடியில் இன்னொன்றாகச் சொருகிவிடுவார். மூக்கு இரண்டு விரல் எழும்பும். சரிமட்டமாக விட மாட்டார். முன்பக்கம் அரை விரல் தாழ்ந்தே இருக்க வேண்டும். "ரொம்ப தூக்கினா ஸ்டீரிங் சொன்ன பேச்சு கேக்காது."

வேலை முடிந்தால் முதல் ட்ரிப்பில் அவரும் ஏறிக்கொள்வார். மலைக்குப் போகிற கல் ரோட்டில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குகிற அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. அங்கே நிறுத்தச் சொல்லி, இறங்கி, மண்ணில் படுத்துப் பார்ப்பார். வண்டி உயர்ந்தால் சக்கரம் கீழே தள்ளிப்போகும். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய், அந்த ஹோஸ், அதுவரை எட்ட வேண்டும்; எட்டாவிட்டால் அறுந்துவிடும். ஷெட்டின் சமதரையில் எல்லா ஹோஸும் நீளமாகத்தான் தெரியும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கைத் தரையில் உரசாத குறையாக ஒரு பச்சை ஜீப் வந்து நின்றது. பக்கத்து சீட்டிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். மூட்டைக்காரரின் மனைவி.

"எங்க அண்ணன கூட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேச வேணாம். வேலைய மட்டும் பாருங்க."

ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. மூட்டைக்காரரின் காதிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

அந்த அம்மாள் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஜீப்பைத் தூக்கியது இவர்தான். அன்றைக்கு வெளியாள் ஒருவர் அவசர வேலையோடு வந்து நிற்க, மச்சான் வண்டிதானே என்று, தனக்குப் பதில் அறுபது கிலோ மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டார். பள்ளத்தில் சக்கரம் தொங்கியது, ஹோஸ் அறுந்தது, இறக்கத்தில் பிரேக் இல்லாமல் வண்டி பாறையில் போய் மோதியது. அண்ணனுக்கு மணிக்கட்டு. பக்கத்து சீட்டு இருந்த இடமே இல்லை. மூட்டை கிழிந்து ரோடெல்லாம் மணல்.

"இவரு போகாததால எங்க அண்ணனுக்குக் கை ஒடஞ்சுது. போகாததாலதான் எனக்குப் புருஷன் இருக்காரு. நான் யாரத் திட்டுறது, நீங்களே சொல்லுங்க."

பத்திரிகைக்காக எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தேன்.

இப்போது மறுபடி தாழ்ந்துபோன அந்த முன்பக்கம் பள்ளத்தில் அடிபடும் ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சி மணிக்கட்டில் இறங்குகிறதாம். இப்படியே போனால் ஓட்டுவதை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைக்கு ஆள் ஏற்றிப் போவதைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பில்லை. புது செட் வாங்க வழியில்லை.

மூட்டைக்காரர் ஜாக்கி வைத்தார். அரை மணி நேரம் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் கிடந்தார்.

"என்ன வெயிட்டு இப்ப, மச்சான்?"

"யாருக்கு யாரு மச்சான்? வண்டிக்காரன்னு கூப்பிடு."

"வண்டிக்காரரே, என்ன வெயிட்டு?"

"மூணு வருஷமா உன் வீட்டுல சாப்பிடல. நாலு கிலோ கூடிட்டேன்."

"அண்ணே!" என்றார் தங்கை. மூட்டைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டைக்குக் குனிந்தார்.

நான்கு பட்டைகளைத் தட்டிப் பார்த்து ஐந்தாவதை எடுத்தார். ஹோஸ் மட்டும் பழையதல்ல. கடைக்கு ஆள் அனுப்பி, நீளமானதாகப் புதிதே வாங்கி வரச் செய்தார். எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சக்கரத்தைக் கட்டைகள்மேல் ஏற்றி, மற்றதை அந்தரத்தில் தொங்கவிட்டார். "நீங்களே தொட்டுப் பாருங்க" என்று நகர்ந்துகொண்டார். வண்டிக்காரர் இறங்கி வந்து குனிந்து, கோணல் கையின் விரலை ஹோஸுக்கு அடியில் கொடுத்தார். விரல் தாராளமாக ஆடியது. வெகு நேரம் விரலை வெளியே எடுக்கவில்லை.

மூட்டைக்காரர் வண்டியை இறக்கி, குதித்து, உருட்டி, அளந்தார். இரண்டு மட்கார்டிலும் ஒரே எண். பிறகு கைப்பழக்கத்தில் போய் அறுபது கிலோ மூட்டையைத் தூக்கி வந்து, பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டினார்.

வண்டிக்காரர் ஏறி எஞ்சினைப் போட்டார். கிளம்பவில்லை. மூட்டையின் பெல்ட்டைக் கழற்றி, அந்தக் கோணல் கையாலேயே அதை இழுத்து வெளியே தள்ளினார். அது மூட்டைக்காரரின் காலடியில் விழுந்தது.

"ஒரு ட்ரிப் பாக்கி இருக்கு, மாப்ள."

கதவு திறந்தபடியே இருந்தது. தங்கை எழுந்து நின்றுவிட்டார். மூட்டைக்காரர் காலி சீட்டைப் பார்த்தார். அதிலிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டார். பிறகு சுற்றிக்கொண்டு போய், முன் சக்கரத்தருகே மண்டியிட்டு, உள்ளே கையை விட்டு அந்த ஹோஸை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.