கூல் வால்வு

திருவனந்தபுரத்தில் லாரி ஓட்டுகிறவனுக்கு இஞ்சின் சூடாகிவிடுமோ என்கிற பயம் கூடவே பிறந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். கரமனையில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடைக்கு வந்து, "சேச்சி, ஒரு கூல் வால்வு" என்பான். தெர்மோஸ்டாட்டுக்கு எங்கள் கவுண்டரில் அதுதான் பெயர். சிலர் அதையும் வாங்குவதில்லை. உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இப்போதுதான் வண்டி சுகமாக ஓடுகிறது என்று பெருமை வேறு.

பெரிய சங்கதி ஒன்றும் இல்லை அது. உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை வால்வு. இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் போதுமான அளவு சூடாகும்வரை மூடியிருக்கும். பிறகு திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி ஆற வைக்கும். எத்தனை டிகிரியில் திறக்கும் என்று அதன்மேல் குத்தியிருப்பார்கள். எங்களிடம் இரண்டு வகை உண்டு. எழுபத்தொன்று சீக்கிரம் திறந்துவிடும், அதுதான் கூல். எண்பத்திரண்டு நிதானமாகத் திறக்கும். வண்டியோடு வருவது அது. நம் வெயிலுக்குக் கூல் இருந்துவிட்டுப் போகட்டும். பனி விழுகிற ஊருக்குப் போகும் வண்டியில் அதைப் போட்டால் இஞ்சினில் சூடே நிற்காது. இஞ்சினில் சூடு இல்லையென்றால் கேபினுக்குள் வரவேண்டிய வெதுவெதுப்பான காற்றும் இல்லை. கேட்லாக்கில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஒன்பது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும்.

என் வீட்டுக்காரர் அப்போது சொந்த லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் இங்கேதான். வாயில் தமிழ், கையில் மலையாளம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினேன். திரும்பி வந்து பார்த்தால் அத்தனையும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

வடக்கே ரப்பர் லோடு ஒன்று கிடைத்தது. அதை இறக்கிவிட்டுக் காஷ்மீர்வரை ஏறி ஆப்பிள் ஏற்றி வர வேண்டும். பனிக்காலம். அதுவரை அவர் கண்ட குளிர் போனக்காட்டுக் குளிர்தான். அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு உரம் ஏற்றிப் போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்கு அந்தக் கதைதான். அவருடைய வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கும் அதே போனக்காட்டை வைத்துத்தான் உலகத்துக் குளிரையெல்லாம் அளந்தார். மெக்கானிக்கை இங்கே ஆசான் என்பார்கள். ஆசான் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆசான் சீட்டு எழுதுவார், கடையில் அதைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நடைமுறை.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் இவரும் ஆசானும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். கூட இரண்டு டிரைவர்கள். சீட்டில் எழுபத்தொன்று என்று இருந்தது. நான் எண்பத்திரண்டை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தேன்.

"இங்க பாருங்க, நீங்க போற ஊருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

ஆசான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இது வேண்டா சேச்சி, கூல் மதி. மலைச்சுரம் கேறும்போ எஞ்சின் சூடாகும். அண்ணாச்சி, போனக்காட்டிலும் நம்மள் இதுதன்னே அல்லே இட்டது?"

"பின்னே!" என்றார் இவர். என் பக்கம் திரும்பி, "ஆசான் சொல்லியாச்சில்லா, நீ ஒண்ணும் பேசண்டாம். சாமான் எடுத்துக் குடுக்கிறவ நீ. மெக்கானிக்கா?" என்றார்.

டிரைவர்கள் சிரித்தார்கள். ஆசானும் சிரித்தார். என் முதலாளிகூட உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் ஒன்றும் பச்சைத்தண்ணீர் இல்லை. வீட்டில் என் கோபம் பிரசித்தம். கத்தியிருக்கலாம். கேட்லாக்கை விரித்து ஆசான் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கலாம். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். எண்பத்திரண்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு எழுபத்தொன்றை எடுத்து வைத்தேன். போய்ப் பட்டுவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அந்த வார்த்தைகளைத்தான் நினைத்தேன். இதில் மழுப்புவதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் வண்டி கிளம்பும்போதுகூட நான் சொல்லவில்லை. முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன், கம்பளியைக் கொடுத்தேன். வாய் மட்டும் பூட்டியிருந்தது.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் கடையில் இருக்கும்போது போன் வந்தது. பனி விழுந்து மலைப்பாதையை அடைத்துவிட்டார்களாம். லாரிகள் வரிசையாக நிற்கின்றனவாம்.

"எஞ்சின் ஓடிட்டேதான் இருக்கு. ப்ளோயர்ல சூடே வரல. ஐஸ் மாதிரி காத்து வருது. முன்னால நிக்கிறவன் வண்டிக்குள்ள கேறினா சொகமா இருக்கு. நமக்கு மட்டும் என்னவாக்கும்?" என்றார். பல் அடித்துக்கொள்வது போனில் கேட்டது.

என்னவென்று எனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகச் சொல்ல வேண்டும். குளிர்காற்று நேராக அடிக்காவிட்டால் தண்ணீரில் கொஞ்சமாவது சூடு தங்கும். வடக்கே போய் வந்த டிரைவர்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு வாக்கியம்தான்.

"உங்க ஆசானை விளிச்சுக் கேளுங்க. நான் சாமான் எடுத்துக் குடுக்கிறவதானே" என்றேன்.

"சரி" என்றார். போன் அறுந்தது.

அவர் ஆசானைக் கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறார். ஹோஸுக்குள் காற்று அடைத்திருக்கிறது, இறங்கி ஹோஸைக் கழற்றிக் காற்றை வெளியேற்று என்று ஆசான் இங்கே நிழலில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறார். இவர் கேன்வாஸ் ஷூவோடு முட்டளவுப் பனியில் நின்று, சொன்னதையெல்லாம் செய்திருக்கிறார். தண்ணீர் சிந்தி ஷூ முழுக்க நனைந்திருக்கிறது. மறுபடி ஏறி உட்கார்ந்தார். ப்ளோயரில் அதே குளிர்காற்று. நனைந்த காலோடு இரண்டு நாள். எனக்கு அந்த இரண்டு நாளும் லைன் கிடைக்கவில்லை. எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. அட்டை, அட்டை என்று சொல்லிக்கொண்டே அடித்தேன்.

வலது காலில் பனியில் கருத்துப்போன மூன்று விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற கால். லாரியை விற்றோம்.

பார்க்க வந்த ஆசான், ஆரஞ்சுப் பழத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "பயங்கரத் தணுப்பாயிருந்நு அல்லே?" என்றார். தணுப்பாம்! குளிராம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன். எந்த முகத்தோடு கேட்பது? அடுப்படிக்குப் போய் அவருக்குச் சாயா போட்டேன்.

இப்போது இவரும் என் கடையில்தான் இருக்கிறார். கவுண்டரில் எனக்குப் பக்கத்து ஸ்டூல். வடக்கே போகிற வண்டிக்கு எவனாவது கூல் வால்வு சீட்டோடு வந்தால் விடமாட்டார். செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுவார். "எண்பத்திரண்டு எடுத்துட்டுப் போ, கேட்டியா? அன்னைக்கு எங்கிட்ட ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேன்" என்பார்.

ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுள்ளென்று வரும். சொல்ல வந்தவளின் வாயை மூடியது யார்? நாலு பேர் சிரிக்கும்படி பேசியது யார்? அடுத்த நிமிடமே அந்த போன் ஞாபகம் வரும். அங்கே என் வாயை யாரும் மூடவில்லை. ஏதாவது நட்டு போல்ட்டைத் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், தமிழில். ஒளிப்பதில்லை, மேசைமேல் திறந்தே கிடக்கும். நேற்று தாங்கித் தாங்கி நடந்து வந்து, போன் வந்த பக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னவாக்கும் எழுதற?"

"சும்மா, ஊர்க் கதை" என்றேன்.

"எழுத்து நல்ல அழகா இருக்கு" என்றார். மடங்கியிருந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டு, நோட்டை மூடி, என் பழைய கடிதங்கள் இருக்கிற அலமாரியில் பத்திரமாக வைத்தார்.