திட்டில் ஒரு வளைகாப்பும் ஒரு கட்டு ஊதுவத்தியும்

கொள்ளிடத்துக்கு நடுவே ஆள் குடியிருக்கும் திட்டு ஒன்று இருக்கிறது, வந்து பார் என்று செல்வி இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். செல்வி என் சித்தி மகள், நர்ஸ். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அவள் வேலை. வலிக்கு மருந்து கொடுப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊர் சுற்றப் போகிற இடமா அது என்று நான் தட்டிக்கழித்தே வந்தேன். இந்த 2007 மாசியில் போன் செய்து, "வளைகாப்புக்குத்தான் கூப்புடுறேன், வாக்கா" என்றாள். சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். கிளம்பிவிட்டேன்.

பெரம்பலூரில் காலை ஆறு மணி பஸ். அரியலூருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் பத்து ரூபாய். வழியெல்லாம் சிமென்ட் லாரிகள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்கும்போது தலை நரைத்திருக்கும், நடு சீட்டே உத்தமம். அரியலூரில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திருமானூர் பஸ் பிடித்தேன். அது இன்னொரு மணி நேரம். போகப் போகப் புழுதி குறைந்து கரும்புக்கொல்லைகள் வந்தன. கண்ணுக்குச் சுகமாக இருந்தது.

திருமானூரிலிருந்து ஆற்றுத் துறைக்கு ஆட்டோதான். திட்டுக்குப் போகவேண்டும் என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கும்மா முடியல?"

"யாருக்கும் இல்லைங்க. வளைகாப்பு."

"அப்பச் சரி. அம்பது ரூவா குடுங்க" என்று சிரித்தார். முடியாதவர்களைப் பார்க்கப் போகிறவர்களிடம் என்ன வாங்குவீர்கள் என்று கேட்டேன். "அவங்ககிட்ட எப்படிங்க கேக்குறது?" என்றார்.

துறையில் செல்வி காத்திருந்தாள். மாசியில் ஆறு இரண்டு வாய்க்கால் அகலத்துக்குச் சுருங்கிக் கிடக்கிறது. ஒன்றை முழங்கால் தண்ணீரில் நடந்து கடந்தோம். இரண்டாவதற்குப் பரிசல், ஆளுக்கு ஐந்து ரூபாய். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தடுமாறிய அழகைப் பரிசல்காரர் நன்றாக ரசித்தார்.

அக்கரையில் தனம் நின்றாள். கரும்பு வெட்டப் போகிறவள், ஐம்பது வயதிருக்கும். செல்வி வாரத்துக்கு ஒருமுறைதான் வருவாள். மற்ற நாட்களில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கட்டு மாற்றுவது எல்லாம் தனமும் திட்டின் இன்னும் மூன்று பெண்களும். வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில் செய்கிறார்கள், சம்பளம் கிடையாது. இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளி வீட்டுக்கு நேராகப் போகமாட்டார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் ஏறி, ஒரு வீட்டில் தண்ணீர் குடித்து, ஒரு வீட்டில் கதை பேசி, நடுவில் அந்த வீட்டுக்கும் போவார்கள். "நேராப் போனா, அந்த வூட்டுல இன்னைக்கா நாளைக்கான்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள் தனம். அன்று நானும் நான்கு வீட்டில் தண்ணீர் குடித்தேன், இரண்டு வீட்டில் மோர்.

வளைகாப்பு வசந்திக்கு, தலைப்பிள்ளை. அவள் அம்மா கமலத்துக்கு மார்பில் புற்று. புண்ணாகிவிட்டது. ஆற்றைத் தாண்டிப் போக முடியாத அம்மாவுக்காகத்தான் மாப்பிள்ளை வீட்டார் விழாவைத் திட்டிலேயே வைக்கச் சம்மதித்திருந்தார்கள். ஆனால் கமலம் உள்ளறையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டாள். முந்தின நாளே வந்த மகளையும் உள்ளே விடவில்லை. வசந்தி பக்கத்துச் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எம்மேல வாடை வருது செல்வி. எம் பொண்ணு வளையல் போடுற அன்னைக்கு நாலு பேரு மூக்கப் பொத்துறத நான் பாக்கணுமா? நான் இங்கயே இருந்துக்குறேன்."

செல்வி புண்ணைக் கழுவி, வாடை போக்கும் மாத்திரையைப் பொடித்துத் தூவிப் புதுக் கட்டுப் போட்டாள். ஒரு வாரமாகத் தனம் இதைத்தான் செய்துவந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு நிறையக் கரித்துண்டு வைத்திருந்தாள், வாடையை இழுக்க. எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. சத்தியமாக எதுவும் வரவில்லை. சொன்னால் கமலம் நம்பினால்தானே!

அதனால் தனம் இன்னொரு காரியம் செய்தாள். யாருக்கும் சந்தேகமே வேண்டாம் என்று, ஒரு கட்டு ஊதுவத்தியை மொத்தமாகக் கொளுத்தி வாசலில் ஒரு படி அரிசியில் குத்திவைத்தாள். கமலத்தின் வீட்டுக்காரர் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மனைவி வெளியே வரமாட்டேன் என்கிற கவலை அவருக்கு. நாங்களும் சத்தமில்லாமல் வாசலில் உட்கார்ந்தோம்.

அப்போதுதான் தா.பழூரிலிருந்து அவருடைய தங்கை பட்டு சீர்த்தட்டோடு தெருமுனையில் திரும்பினாள். ஊதுவத்திப் புகையைப் பார்த்தாள். தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். வாசலில் தனத்தையும் பார்த்தாள். தட்டு அப்படியே கீழே விழுந்து வாழைப்பழம் சிதறியது.

"என்னைய வுட்டுட்டுப் போயிட்டியே அண்ணீ! பேரப்புள்ள மொகத்தப் பாக்காமப் போயிட்டியே!"

மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து தனத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அலறலைக் கேட்டுச் சித்தப்பா வீட்டிலிருந்து வசந்தி "அம்மா!" என்று கத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"ஓடாதடி! புள்ளத்தாச்சி, வுழுந்துடாதடி!"

கமலம். உள்ளறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். மகள் வந்து மோதியதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பட்டு அழுகையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விக்கினாள்.

"நான் இன்னும் போகலடி பட்டு. வாழைப்பழத்தப் பொறுக்கு" என்றாள் கமலம்.

முதலில் சிரித்தது அவள் வீட்டுக்காரர். பிறகு தெருவே சிரித்தது. தனம் மட்டும் ஊதுவத்தியைப் பிடுங்கி மண்ணில் குத்தி அணைத்துக்கொண்டே, "எழவு வூட்டுலயே உக்காந்து உக்காந்து கையி அதுக்குத்தான் போவுது" என்று முணுமுணுத்தாள். வசந்தி அம்மாவின் தோளில் முகத்தை வைத்தபடி நகரவே இல்லை. "வாடை வருதாடி?" என்று கமலம் மெதுவாகக் கேட்டாள். "கட்டு மருந்து வாசனதாம்மா" என்றாள் மகள். கமலம் அப்புறம் உள்ளே போகவில்லை. முதல் வளையலை அவள்தான் போட்டாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, யார் கன்னத்தில் சந்தனம் சரியாகப் பூசவில்லை என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வகைச் சாதம் போட்டார்கள். புளியோதரையை நான் இரண்டாம் முறை வாங்கியதைச் செல்வி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

போக நினைப்பவர்களுக்கு: தையிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். ஆடிக்குப் பிறகு தண்ணீர் வந்துவிட்டால் பரிசல்காரர் சொன்னதைக் கேளுங்கள், வீரம் காட்டாதீர்கள். இருட்டுவதற்குள் கரை திரும்புங்கள். திட்டில் கடை கிடையாது, சில்லறையும் கிடைக்காது. யார் தண்ணீர் கொடுத்தாலும் குடியுங்கள். யார் வீட்டில் நோயாளி என்று தெருவில் நின்று விசாரிக்காதீர்கள்.

இதை எழுதி முடிக்காமல் வைத்திருந்தபோது செல்வி போன் செய்தாள். சித்திரையில் வசந்திக்குப் பையன் பிறந்தான். கமலம் மடியில் வாங்கிப் பார்த்தாள். அடுத்த வாரம் ஒரு காலையில், தனம் அவளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே, வலியில்லாமல் போய்விட்டாளாம். தா.பழூரிலிருந்து பட்டு வந்தாள். வாசலில் புகை இருந்தது, தனமும் இருந்தாள். பட்டு உடனே அழவில்லை. நிலைப்படியில் நின்று, உள்ளே பார்த்து, "அண்ணி" என்று ஒருமுறை கூப்பிட்டாளாம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அழுதாளாம்.