ரமாபாய் மாற்றாமல் விட்ட எண்

காசிமேட்டில் ஜெயவேல் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் ஐஸ் கம்பெனிக்கு வழி காட்டும். நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தலையில் ஐஸ் பார் சுமந்து, அது உருகி முதுகில் வழிந்த தண்ணீரிலேயே வளர்ந்தவன். இன்றைக்குச் சொந்தமாக ஒரு ஐஸ் கம்பெனி, நாலு லாரி. ஒருத்தன் தூக்கிக் கொடுத்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளை எடை போடத் தெரியாமல் இவ்வளவு சம்பாதிக்க முடியாது. அப்படி எடை போட்டுச் சொல்கிறேன்: என் தோஸ்து வேம்புவின் மகள் ரமாபாய் மாதிரி ஒரு பெண்ணை இந்தத் துறைமுகப் பக்கம் நான் பார்த்ததில்லை.

வேம்பு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்புக்காரன். பாலகணேஷ் என்பவருடைய ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டினான். ஐஸ் கம்பெனி என்றால் குழாயில் அம்மோனியா ஓடும். குழாய்க்குள் இருக்கிற வரை அது எங்களுக்குச் சோறு. வெளியே வந்தால் எமன். ஒருநாள் வேம்பு முகத்தில் லேசாகப் பட்டு, கண் வீங்கி வீட்டுக்குப் போனான். ரமாபாய் அப்போதுதான் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து மணலியில் ஒரு ஆபீஸில் சேர்ந்திருந்தாள். அப்பன் கண்ணைப் பார்த்தவள் அழவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் வாடை பிடிக்கிற சென்சார் வாங்கி வந்து, கம்ப்யூட்டரோடு சேர்த்து, வாடை ஏறினால் கத்துகிற மாதிரி ஒரு சாப்ட்வேர் எழுதிவிட்டாள். பாலகணேஷ் வைத்தார், நான் வைத்தேன், எங்களைப் பார்த்து இன்னும் சில கம்பெனிக்காரர்கள் வைத்தார்கள்.

அந்தச் சாப்ட்வேர் ஒரே துண்டு கிடையாதாம். வாடையைப் படிக்க ஒரு துண்டு, கத்த ஒரு துண்டு, எப்போது எவ்வளவு ஏறியது என்று குறித்து வைக்க ஒரு துண்டு. மாட்யூல் என்பாள். எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, செட்டப் என்று ஒரு பைலை அதற்குத் தலையாக வைப்பாள். மூட்டையின் பேர், நம்பர், உள்ளே என்னென்ன, எது எங்கே போகணும், எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதை ஓட்டிவிட்டால் தானாகவே பிரித்து அடுக்கிக்கொள்ளும்.

"நம்ம லாரி லோடு மாதிரி சொல்லு. சரக்கோட சீட்டும் போவுது" என்றேன்.

"அதேதான் பெரிப்பா" என்றாள். எனக்கு எதையும் ஒரு வாட்டி சொன்னால் போதும்.

அந்த நம்பர் திரையின் மூலையில் தெரியும். ஒன்று புள்ளி எட்டு. பாலகணேஷ் லாரிக்கும் போனுக்கும் கூட்டுத்தொகை ஒன்பது பார்க்கிற மனிதர். ஒன்றும் எட்டும் ஒன்பது. "உள்ள நீ இன்னா வேணா பண்ணு பாப்பா. நம்பர்ல மட்டும் கை வெக்காத. இது வந்தப்புறம்தான் நமக்கு யாவாரம் நல்லா போவுது" என்றார். நான் சிரிக்கவில்லை. என் லாரிகளுக்கு நானும் கூட்டுத்தொகை பார்த்துத்தான் நம்பர் எடுத்தேன். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஒரு குறை இருந்தது. கம்ப்ரசரில் எண்ணெய் வடிக்கும்போது கொஞ்சம் வாடை வரும். ஆபத்தில்லாத வாடை. அதற்கும் அலாரம் வீல் வீலென்று கத்தும். வேம்புவோடு வேலை செய்கிற தீனா விட மாட்டான். "இன்னா வேம்பண்ணே, உன் பொண்ணு வெச்ச ஆட்டுக்குட்டி மறுபடி கத்துது பாரு. போயி தழை போடு."

ரமாபாய் அதைச் சரி செய்தாள். சும்மா வாடைக்குப் பேசாமல் இருந்து, நிஜமாக ஏறினால் மட்டும் கத்துகிற மாதிரி மாற்றினாள். எப்போதும் அவளே நேரில் வந்து, பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுவாள். அந்த முறை ஆபீஸில் லீவு தரவில்லை. புது மூட்டையைப் பென் டிரைவில் போட்டு, அப்பன் கையில் எல்லாக் கம்பெனிக்கும் கொடுத்தனுப்பினாள். "செட்டப்பை ஓட்டுப்பா. செவப்பு எழுத்து வந்தா எனக்கு போன் பண்ணு. வரலன்னா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

வேம்பு எல்லா இடத்திலும் ஓட்டிவிட்டு போன் செய்தான். "ஓடிச்சும்மா. செவப்பா ஒண்ணும் வரல."

அந்த மாதமே ஒரு மத்தியானம், பாலகணேஷ் கம்பெனியில் வால்வு ஒன்று விட்டுக்கொண்டது. அலாரம் கத்தவில்லை. மற்றவர்கள் வாசலில் லாரிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேம்பு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு கம்ப்ரசர் ரூம் கதவைத் திறந்தான். உள்ளே நிறைந்து கிடந்த அம்மோனியா அவன் முகத்தில் அடித்தது. போன் வந்து நானும் போய்ச் சேர்ந்தேன், தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

பிறகு பார்த்தால், அலாரத்தின் ஸ்பீக்கர் வயர் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. பிடுங்கினது வேம்புதான். பார்த்த ஆட்கள் இருந்தார்கள். அப்புறம் ஊர் வாயைக் கேட்கணுமா? "குடிச்சிட்டு இருந்திருப்பான்" என்றார்கள். "பெத்த பொண்ணு வெச்சதையே புடுங்குறான்னா நெதானத்துலயா இருந்திருப்பான்?" புத்தர் வழியில் பஞ்சசீலம் எடுத்தவன் வேம்பு. டீக்கு மேல் எதையும் தொட்டதில்லை. அவன் பெண்சாதி மலிகா, அவன் செத்ததற்கு அழுததைவிட அந்தப் பேச்சுக்கு அழுததுதான் அதிகம். விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார், அவரும் இதையே எழுதிக்கொண்டு போய்விடுவார் என்று ஆகிவிட்டது.

அடக்கம் முடிந்த கையோடு ரமாபாய் என் கம்பெனிக்கு வந்து நின்றாள்.

"பாலகணேஷ் சாரு கம்பெனில உள்ள வுடல பெரிப்பா. தீட்டாம். எங்க வூட்ல அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல, அவங்க பாக்கறாங்க. உன் மிஷினைக் காட்டு. அப்பா ஏன் புடுங்குனாருன்னு எனக்குத் தெரியணும்."

"என் எடத்துல உன்னை எவன் தடுப்பான், வா" என்றேன்.

என் ஆபரேட்டர் செங்குட்டுவனைக் கேட்டாள். "புதுசு போட்டப்புறம் எண்ணெய் வடிச்சா கத்துதாண்ணே?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். "கத்துதும்மா. மொதலாளிக்குத் தெரியாது. ஸ்பீக்கர்ல துணி அடைச்சு வெச்சிக்கீறேன்."

அவள் பென் டிரைவைச் சொருகி செட்டப்பை ஓட்டினாள். இரண்டு மூன்று வரி வெள்ளையாக வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா சொல்லுது?"

"ஏற்கெனவே இருக்குன்னு சொல்லுது."

"இருந்தா நல்லதுதானே?"

"இல்ல பெரிப்பா. பேரும் நம்பரும் ஒண்ணா இருந்தா அது உள்ள பாக்காது. பழசையே வெச்சிகினு புதுசைத் திருப்பிடும். நான் நேர்ல வந்தப்பல்லாம் பழசை அழிச்சிட்டுப் போட்டேன், அதனால தெரியல. இந்த வாட்டி எங்கயுமே எறங்கல."

எனக்குப் புரிந்தது. கேட்டில் நிற்கிறவன் சீட்டு நம்பரைப் பார்த்துவிட்டு, இந்த லோடு நேற்றே இறங்கிவிட்டது என்று வண்டியைத் திருப்பி அனுப்பின கதை. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தீனாவுக்கு என் போனிலிருந்தே போட்டாள். அவன் முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்.

"புதுசு போட்டாச்சு, இனிமே சும்மா கத்தாதுன்னு அண்ணன் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிகினு இருந்தாரு. மறுநாளே எண்ணெய் வடிக்கிறப்போ கத்துச்சு. நாங்க சிரிச்சிட்டோம், பாப்பா. அண்ணன் நேரா போயி வயரைப் புடுங்கிட்டாரு."

"எங்கிட்ட அப்பா சொல்லவே இல்லியே."

"நாங்க சொல்றோம்னோம். வேணாம்டா, கொழந்த தூங்காம கொள்ளாம செஞ்சிருக்குது, மனசு ஒடஞ்சிடும், லீவு கெடச்சா அதுவே வந்து பாக்கும்னாரு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். செட்டப் பைலைத் திறந்து எட்டை அழித்து ஒன்பது போட்டாள். மறுபடி ஓட்டினாள். இந்த முறை வரிகள் மளமளவென்று இறங்கின. ஸ்பீக்கரில் அடைத்த துணியை எடுத்துவிட்டு எண்ணெய் வடிக்கும்படி செங்குட்டுவனிடம் சொன்னாள். வாடை எங்கள் மூக்குக்கு வந்தது. அலாரம் பேசாமல் இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  

அன்றைக்கே புதியதை ஏற்ற என் வண்டியில் அவளை மற்ற கம்பெனிகளுக்குக் கூட்டிப் போனேன். தீட்டு என்று வாயைத் திறந்தவனை நான் பார்த்த பார்வையில் கேட் தானாகத் திறந்தது.

விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று ஐஸ் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் பாலகணேஷ் இடத்தில் கூடியிருந்தோம். ஆபரேட்டர் வேம்பு தானே வயரை எடுத்துவிட்டதாக அதிகாரி ஆரம்பித்தார். ரமாபாய் முன்னால் வந்தாள்.

"எங்க அப்பா குடிக்கல சார். அவரு நான் சொன்னபடிதான் போட்டாரு. நான் கட்டிக் குடுத்ததுல நம்பர் மாறல, அதனால புதுசு எறங்கல. பழசு சும்மா சும்மா கத்துனதாலதான் புடுங்கியிருக்காரு. எல்லா கம்பெனிலயும் இதே கதைதான், கேட்டுப் பாருங்க."

என் ஆபரேட்டரைச் சாட்சிக்கு நான் நிறுத்தியிருந்தேன். துணி அடைத்ததை அவன் சொன்னான்.

"நம்பரை ஏன் மாத்தல நீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

பாலகணேஷ் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மறந்துட்டேன் சார்."

வண்டியில் வரும்போது அவளைத் திட்டினேன். "அந்தாளு பேரைச் சொல்ல வேண்டியதுதானே? ஒண்டியா ஏன் சொமக்குற?"

"சொல்லியிருந்தா அவரு மறுத்துப் பேசுவாரு பெரிப்பா. ஆளுக்கு ஆளு பேசுவாங்க, நடுவுல மறுபடி அப்பா பேரு மாட்டும். ஒரே ஆளு தப்புன்னா பேச்சு சீக்கிரம் முடிஞ்சிடும். அதும் பொய் இல்ல. மாத்தறது என் கைலதான இருந்திச்சு."

பேச்சு முடிந்துதான் போனது. வேம்புவைப் பற்றி அதற்குப் பிறகு எவனும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அவள் வைத்ததையெல்லாம் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போட்டுவிட்டு வெளியிலிருந்து வேறு வாங்கினார்கள். எடுத்துக் கொடுக்கவும் அவளையே கூப்பிட்டார்கள், போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். என் கம்பெனியில் மட்டும் அது அப்படியே இருக்கிறது. என் இடத்தில் எது இருக்கணும் என்பதை நான்தான் சொல்வேன். ஆனால் அதைப் பார்க்க அவள் வருவதில்லை, செங்குட்டுவனை போனில் விசாரிப்பதோடு சரி. மணலி ஆபீஸுக்குப் போகிறாள், வருகிறாள். புதிதாக எதுவும் எழுதுவதில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மலிகா டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு முழு விவரம் தெரியாது. கூட்டத்தில் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டதை மகள் சொல்லவில்லை.

"அண்ணே, அவரு குடிக்கலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சும்மா."

"யாரு சொன்னாங்க?"

உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ரமாபாயின் கை நின்றது.

"ஆபீஸரே சொல்லிட்டாரு" என்றேன்.

மலிகா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே மறுபடி துணி உதறுகிற சத்தம் கேட்டது.